திருப்பித் தர வேண்டாத புத்தகம்

நம் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒருவர் ஒரு படம் போட்டார். மாட்டுங்கா வாசகசாலையில் குழந்தைகளுக்கென்று புது அறை கட்டியிருக்கிறார்கள். தரையில் பஞ்சு மெத்தை. சுவரில் யானை. அம்மா அப்பா பிள்ளையோடு உட்கார்ந்து படிக்கத் தனி மூலை. படத்துக்குக் கீழே, நம்மைக் கூப்பிட்டுப் புத்தகம் கொடுத்த இடம், மறக்க முடியுமா என்று எழுதியிருந்தார். நீங்கள் எல்லாரும் வரிசையாகக் கும்பிடும் கை போட்டீர்கள்.

நான் போடவில்லை. ஏன் போடவில்லை என்று இரண்டு பேர் தனியாகக் கேட்டார்கள். அதற்குத்தான் இது.

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. ஏழாவதோடு நின்றவள். பேச்சும் குறைவு. டோம்பிவிலியில் மகன் வீட்டு பால்கனியில் உட்கார்ந்து தாளில் எழுதுகிறேன். மருமகள் படம் பிடித்து அனுப்புவாள். எழுத்தில் பிழை இருக்கும். நடந்ததில் பிழை இல்லை.

அது பம்பாயில் ஒரு மழைக்காலம். நாம் நாலாவது படித்தோம். தாராவியில் நம் தெருவில் தண்ணீர் ஏறும், வடியும், மறுபடி ஏறும். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போவோம். அப்போதுதான் டீச்சர் வகுப்பில் சொன்னார். மாட்டுங்கா வாசகசாலையில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் குழந்தைகளுக்குக் கதை வாசிக்கப் போகிறார்கள், தாராவிப் பிள்ளைகளும் வரலாமாம், வருகிறவர்கள் கை தூக்கலாம் என்று. நான் தூக்கினேன். கதைக்காக இல்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தால் வேலை.

என்ன வேலை என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். அப்பா தோல் கார்கானாவில் பை தைப்பார். பைக்கு வேண்டிய பட்டைகள் கட்டுக் கட்டாக வீட்டுக்கு வரும். வெட்டின தோலின் ஓரம் வெளுப்பாகத் தெரியும். அதற்குக் கறுப்புக் கலர் அடிக்க வேண்டும். அம்மாவும் நானும் அடிப்போம். குச்சியில் துணி சுற்றி, டப்பாவில் தோய்த்து, ஒரே இழுப்பு. நடுவில் கை நின்றால் அந்த இடம் தடித்துப்போகும், பட்டை திரும்பி வரும். கலர் விரலில் ஏறும். நகத்துக்கு அடியில் இறங்கும். உள்ளங்கை ரேகையில் ஓடி உட்காரும். காய்ந்துவிட்டால் சோற்றில் ஒட்டாது, துணியில் ஒட்டாது. கையை விட்டும் போகாது.

லேபர் கேம்ப் தாண்டி ரயில் பாலம் ஏறி இறங்கினால் மாட்டுங்கா. பாலத்துக்கு இந்தப் பக்கம் ஈரத் தோல் வாசனை. அந்தப் பக்கம் காப்பிக்கொட்டை வறுக்கிற வாசனை, மல்லிகைப்பூ. பாலத்து நடுவில் இரண்டும் சேர்ந்து அடிக்கும். என்னோடு பக்கத்து வீட்டுப் பெண் வருவாள். அவள் வீட்டிலும் பட்டை வேலைதான். இருவருக்கும் ஒரு குடை. அவள் வாயாடி. நான் ஊமை என்று எல்லாரும் சொல்வார்கள். அவள் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசுவாள்.

வாசகசாலை முதல் மாடியில். படி ஏறினதும் ஒரு குழாய். பக்கத்தில் சிவப்பு சோப்பு, ஒரு துண்டு. அங்கே மாமி நிற்பார். கதை வாசிப்பவர் அவர்தான். சம்பளம் கிடையாது, ஆசையாகச் செய்தார். பருத்திப் புடவை, மடிப்புக் கலையாமல் கட்டியிருப்பார். உள்ளே போகிற ஒவ்வொரு பிள்ளையும் கை கழுவி, இரண்டு கையையும் விரித்து அவரிடம் காட்ட வேண்டும். அவர் பார்ப்பார், தலையை ஆட்டுவார், போகலாம்.

என் கையைப் பார்த்துத் தலையை ஆட்டவில்லை.

"என்னடி கொழந்தே, கழுவலையா?"

கழுவினேன் என்றேன். இன்னொரு தரம் நன்றாகத் தேய்க்கச் சொன்னார். தேய்த்தேன். சோப்பில் பாதி கரைந்தது. பின்னால் வரிசை நின்றது. மாமி என் விரலைத் தொடாமல் குனிந்து பார்த்தார்.

"போகலையே. சரி, நீ அந்தப் பாயில உக்காந்துக்கோ. கதை கேளு. புஸ்தகத்தைத் தொடாம இருந்தாப் போறும்."

அங்கே இரண்டு பாய். ஒன்று மின்விசிறிக்குக் கீழே, அலமாரி ஓரம். அதில் உட்கார்ந்தால் கையில் புத்தகம் கிடைக்கும். இன்னொன்று கதவுக்குப் பக்கத்தில், ஈரக் குடைகள் சாய்த்து வைத்திருக்கிற இடத்தில். குடைத் தண்ணீர் ஓடி வந்து பாயை நனைக்கும். பட்டை வேலை செய்கிற வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் அந்தப் பாய்க்குப் போனோம். தாராவிதான் என்றாலும் இட்லி விற்கிற வீட்டுப் பிள்ளைகளும், மில் வேலைக்காரர் பிள்ளைகளும் முன்பாயில் உட்கார்ந்தீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. உங்களுக்கு அந்த இடம் ஏன் வேறு மாதிரி நினைவிருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுப் பெண் ஒரு யோசனை சொன்னாள். மண்ணெண்ணெய். அடுப்புக்கு வைத்திருந்ததில் கொஞ்சம் எடுத்து, தேங்காய் நாரால் தேய்த்தோம். தோல் உரிந்து எரிந்தது. கறுப்பு கொஞ்சம் சாம்பல் நிறமானது. சந்தோஷமாகப் போனோம். மாமி குனிந்தார். நிமிர்ந்து மூக்கை மூடிக்கொண்டார். புத்தகத்தில் வாடை ஏறிவிடும் என்றார். மறுபடியும் கதவுப் பாய்.

பாயில் உட்கார்ந்ததும் அவள் என் காதில் சொன்னாள். "போன வாரம் கறுப்பு. இந்த வாரம் நாத்தம். அடுத்த வாரம் கைய வீட்டுல வச்சுட்டு வந்துருவோம்ட்டி."

மாமி நன்றாக வாசிப்பார். அதை மறைக்க மாட்டேன். நரிக்கு ஒரு குரல், நரியின் பெண்டாட்டிக்கு ஒரு குரல். மழைச் சத்தத்தில் குரலை உயர்த்த மாட்டார், இறக்குவார். நாங்கள் பாயிலிருந்து முன்னால் நகர்ந்து நகர்ந்து சிமெண்டுத் தரைக்கு வந்துவிடுவோம். கதை முடிந்ததும் பார்த்தால் பாய் பின்னால் காலியாகக் கிடக்கும்.

நான் ஆசைப்பட்டது ஒரே புத்தகத்துக்கு. மிருகங்கள் புத்தகம். பெரியது, அட்டை பச்சை. நடுவில் ஒரு பக்கம் மடித்து வைத்திருக்கும். மேலே பிரித்தால் ஒட்டகச்சிவிங்கியின் கழுத்து வரும். இன்னும் பிரித்தால் இன்னும் கழுத்து. கடைசியில் தலை, வாயில் ஒரு இலை. மாமி அதை வாசிக்கும்போது மடிப்பைப் பிரிக்க ஒரு பிள்ளையைக் கூப்பிடுவார். பெரும்பாலும் கண்ணாடி போட்ட ஒரு மாட்டுங்காப் பெண். அவள் மெதுவாகப் பிரிப்பாள், நாக்கைக் கடித்துக்கொண்டு. எனக்கு விரல் துடிக்கும்.

ஒரு நாள் நான் வீட்டிலேயே சோதித்துப் பார்த்தேன். கையை நனைத்து வெள்ளைச் சட்டையில் அழுத்தினேன். ஒரு பொட்டு இல்லை. அதை மாமிக்குக் காட்டினால் போதும் என்று நினைத்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை குழாயடியில் ஈரக் கையைச் சுண்ணாம்பு அடித்த சுவரில் வைத்து அழுத்தி எடுத்தேன்.

"பாருங்க மாமி, ஒட்டாது."

மாமி சுவரைப் பார்த்தார். சுவர் வெள்ளையாக இருந்தது. என்னைப் பார்த்தார்.

"அதுக்கில்லைடி. புஸ்தகம்னா சரஸ்வதியாக்கும். ஒரு சுத்தம் வேண்டாமா?"

ஒட்டாது என்று காட்டியாயிற்று. அப்படியும் கூடாதென்றால் பேச்சு அழுக்கைப் பற்றி இல்லை. தோல் யாருடைய வேலை, எந்தச் சாதிக்காரர் செய்கிற வேலை என்று பாலத்துக்கு அந்தப் பக்கம் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. இது இப்போது தெரிகிறது. அன்று தெரியவில்லை. நான் சரியாக அழுத்தவில்லை போலிருக்கிறது என்று வீட்டுக்கு வரும்வரை நினைத்துக்கொண்டு வந்தேன்.

ஆவணி பிறந்த பிறகு மாமி புதிதாக ஒன்று சொன்னார். இனிமேல் பிள்ளைகள் ஆளுக்கு ஒரு புத்தகம் வீட்டுக்கு எடுத்துப் போகலாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை திருப்பித் தர வேண்டும். ஒருவர் படித்ததை அடுத்தவர் எடுக்கலாம். முன்பாயில் ஒரே கூச்சல். கதவுப் பாயில் நாங்கள் மாமியின் முகத்தைப் பார்த்தோம். அவர் எங்கள் பக்கம் திரும்பவில்லை.

முன்பாய்ப் பிள்ளைகள் எல்லாரும் புத்தகத்தோடு படி இறங்கினார்கள். நான் குடையை எடுத்தேன். மாமி என்னை மட்டும் கூப்பிட்டார். மேஜைக்கு அடியிலிருந்து செய்தித்தாள் சுற்றின ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பிரித்தேன். பச்சை அட்டை. முதுகு கொஞ்சம் கிழிந்திருந்தது. ஆனால் அதே புத்தகம்.

"உனக்குத்தான்டி. நீ இதையே பாத்துண்டிருப்பே, எனக்குத் தெரியும். இது உனக்கே. திருப்பித் தர வேண்டாம்."

அவர் கண் கலங்கியிருந்தது என்று பக்கத்து வீட்டுப் பெண் இன்றும் சொல்கிறாள். இருக்கலாம். பாலம் ஏறி இறங்கினது எனக்கு நினைவில்லை. மழை பெய்ததா என்று தெரியாது. புத்தகம் நனையவில்லை.

வீட்டில் அப்பாவுக்குச் சந்தோஷம். மாட்டுங்காக்காரங்க மாட்டுங்காக்காரங்கதான், குணம் உள்ளவங்க என்றார். தம்பி மடிப்பைப் பிரித்துக் கழுத்துக்குப் பக்கத்தில் நின்று தன் உயரத்தைப் பார்த்தான். அம்மா பட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"மத்த பிள்ளையளுக்கும் குடுத்தாவளா?"

குடுத்தாவ, ஆனா அவங்க அடுத்த வாரம் திருப்பிக் குடுக்கணும் என்றேன்.

"நீ?"

"எனக்கு வேண்டாமாம். எனக்கே எனக்காம்."

அம்மாவின் கை நின்றது. அந்தப் பட்டை வீணாகியிருக்கும். குச்சியை டப்பாவில் போட்டுவிட்டுச் சொன்னாள்.

"ஊர்ல பண்ணையார் வீட்டுல எங்களுக்குச் சோறு இலையிலதான் போடுவாவ. நல்ல சோறுதான். தட்டுல போட்டா தட்டு திரும்ப உள்ள போகணும்லா. இலைன்னா போகாண்டாம்."

அப்பா, பிள்ளை ஆசையாகக் கொண்டு வந்ததை ஏன் கெடுக்கிறாய் என்று அதட்டினார். அம்மா என் பக்கம் திரும்பினாள். எனக்குத்தான் சொன்னாள்.

"வேணும்னா வச்சுக்கோ. வேண்டாம்னா கொண்டு குடு. ஒன் இஷ்டம்."

அவ்வளவுதான் அம்மா பேசினது. எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏறியது. மற்றவர்கள் புத்தகம் திரும்பிப் போகும். அதை வேறு பிள்ளை தொடும், படுத்துக்கொண்டு படிக்கும், தலையணைக்குப் பக்கத்தில் வைத்துத் தூங்கும். நான் தொட்டதை யாரும் தொடக் கூடாது. அதனால் எனக்கே எனக்கு.

எனக்கு அந்தப் புத்தகம் வேண்டும். மிகவும் வேண்டும். ஆனால் அதைவிட, அதை அவர்கள் திருப்பி வாங்க வேண்டும். வாங்கி அலமாரியில் வைக்க வேண்டும். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இவ்வளவு பிடிவாதமா என்று கேட்பீர்கள். இருந்தது. இப்போதும் இருக்கிறது.

அந்த வாரம் புத்தகம் எங்கள் வீட்டில் இருந்தது. கூரை ஒழுகும், அதனால் பிளாஸ்டிக் பையில் போட்டு உத்தரத்தில் தொங்கவிட்டோம். பை வெட்ட அளவு எடுக்கிற பழுப்புத் தாளில் அப்பா அதற்கு அட்டை போட்டார், முதுகில் பசை தடவி ஒட்டினார். தெருப் பிள்ளைகள் வந்து வாசலில் உட்காருவார்கள். நான் மாமி மாதிரிக் குரல் மாற்றிப் படிப்பேன். ஊமை பேசுது என்று ஒருத்தன் சொன்னான். மடிப்பைப் பிரிக்க ஒவ்வொரு நாளும் ஒரு பிள்ளைக்கு முறை. எல்லார் கையும் கறுப்பு. பக்கம் வெள்ளையாகவே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய் மேஜையில் வைத்தேன். மாமி, இது உனக்கே கொடுத்ததாயிற்றே என்றார். படித்துவிட்டேன் என்றேன். அப்படியானால் வீட்டில் வைத்துக்கொள் என்றார். வேறு பிள்ளை படிக்கட்டும் என்றேன். வேறு பிள்ளைகளுக்கு வேறு நிறைய இருக்கிறது என்று சிரித்தார். நான் வைத்துவிட்டுக் கதவுப் பாய்க்குப் போனேன்.

திங்கட்கிழமை காலையில் டீச்சர் பையில் அந்தப் புத்தகம், மாமி கொடுத்தனுப்பியிருந்தார். வகுப்புக்கு முன்னால் நிற்க வைத்தார். மாமி எவ்வளவு ஆசையாகக் கொடுத்தார், நன்றி என்று ஒன்று வேண்டாமா, இனி நம் பள்ளிப் பிள்ளைகளை யார் கூப்பிடுவார்கள் என்றெல்லாம் கேட்டார். தலையில் ஒரு குட்டு. அவருக்கும் பயம். நாம் ஏதாவது செய்து அந்தக் கதவு மூடிவிடக் கூடாது என்று பயம். அது அன்றைக்குத் தெரியவில்லை. குட்டு மட்டும் தெரிந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி கொண்டுபோனேன். பாலத்தில் பக்கத்து வீட்டுப் பெண் சொன்னாள். "ஒட்டகச்சிவிங்கிக்குக் கால் வலிக்கும்ட்டி. வாரா வாரம் நடத்துத."

இந்தத் தடவை மாமி வேறு விதமாகப் புரிந்துகொண்டார். படம் போட்டது இவளுக்குப் பிடிக்கவில்லை, பெரிய பெண்ணாகிவிட்டாள் என்று நினைத்துவிட்டார். உள்ளே போய் இன்னொரு பழைய புத்தகம் கொண்டு வந்தார். எழுத்து நிறைய, படமே இல்லை. இதுவும் உனக்கே என்றார். கூட ஒரு ரவா லட்டு. லட்டைத் தின்றேன். அதை யாரும் திருப்பிக் கேட்க முடியாது. அந்த இரண்டாவது புத்தகத்தை நான் வாங்கவில்லை. பச்சைப் புத்தகத்தையும் அவர் வாங்கவில்லை. என் மடியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

பிறகு, அம்மா அப்பாவையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்ன ஞாயிற்றுக்கிழமை. குடும்பமாக உட்கார்ந்து படிக்கும் நாள் என்று மாமி பலகையில் எழுதியிருந்தார். அப்பா வரவில்லை. நான் வந்து என்ன செய்ய என்றார். அம்மா தன் நைலக்ஸ் புடவையைக் கட்டிக்கொண்டாள். பாலம் ஏறும்போது, எந்தப் பாய் எங்கே கிடக்கும் என்று கேட்டாள். சொன்னேன்.

குழாயடியில் பிள்ளைகள் வரிசை. பெரியவர்கள் வரிசையில் நிற்கவில்லை, நேரே உள்ளே போனார்கள். கைப்பை வைத்த அம்மாக்கள், குடையை உதறின அப்பாக்கள். அவர்கள் கையை யாரும் பார்க்கவில்லை. அம்மா மட்டும் எனக்குப் பின்னால் வரிசையில் நின்றாள். என் முறை வந்தது. மாமி வழக்கம்போலக் குனிந்தார். என் கைக்கு மேலே இன்னும் இரண்டு கை வந்தது. அம்மாவுடையது. என்னுடையதைவிடக் கறுப்பு.

"எங்கையையும் பாத்துருங்க."

மாமி ஒரு அடி பின்னால் போனார். பெரியவாளுக்கெல்லாம் எதற்கு, அது குழந்தைகளுக்கு ஒரு பழக்கம் வரட்டும் என்றுதான் என்றார்.

"பிள்ளைக்கு உண்டுன்னா எனக்கும் உண்டு. இவ கையில இருக்கது எங்கிட்ட இருந்து வந்ததுதான்."

அம்மா குரலை உயர்த்தவில்லை. கையையும் இறக்கவில்லை. வரிசை நின்றது. உள்ளே இருந்த பெரியவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மாமி எங்கள் கையைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டு, உள்ளே வாங்கோ என்றார்.

அம்மா போய் முன்பாயில் உட்கார்ந்தாள். புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, சம்மணம் போட்டு, அசையாமல். பக்கத்து வீட்டுப் பெண்ணும் அவள் அம்மாவும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்கள். கதவுப் பாய்ப் பிள்ளைகள் எல்லாரும் வந்தார்கள். இடம் நெருக்கியது. மாட்டுங்கா அம்மாக்களில் இரண்டு பேர் எழுந்து நாற்காலிக்குப் போனார்கள். மற்றவர்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். இதையும் சொல்ல வேண்டும், விட்டார்கள்.

நான் உட்காரவில்லை. மேஜைக்குப் போகவில்லை. நேரே அலமாரிக்குப் போனேன். மிருகங்கள் வரிசையில் ஒரு இடைவெளி. எனக்கு அந்த இடம் கண்ணை மூடினாலும் தெரியும். பச்சைப் புத்தகத்தை அங்கே சொருகினேன். அதற்கு முன்னால் அந்த அலமாரியை நான் தொட்டதே இல்லை. மரம் வழவழவென்று இருந்தது.

மாமி வாசித்து முடித்தார். பிள்ளைகள் வீட்டுக்குப் புத்தகம் எடுக்க எழுந்தார்கள். கண்ணாடி போட்ட பெண் அலமாரியில் தேடி, பழுப்புத் தாள் அட்டையைப் பார்த்து இழுத்தாள். உள்ளே பிரித்துப் பார்த்துச் சிரித்தாள். மாமியிடம் எடுத்துக்கொண்டு போனாள்.

"மாமி, நான் இதை எடுத்துண்டு போகட்டுமா?"

"அது வேண்டாம்டி. அது அவளோடது."

"அவ திருப்பி வெச்சுட்டாளே. நான் பாத்தேன்."

"வேற எடுத்துக்கோயேன்."

"ஏன் மாமி?"

அவள் சண்டைக்குக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டாள். ஆனால் எல்லார் கண்ணும் மாமி மேல். அவள் அம்மா நாற்காலியில் இருந்தார். என் அம்மா பாயில் இருந்தாள். ஏன் என்பதற்கு மாமியிடம் பதில் இருந்தது. அது இத்தனை நாளாகக் குழாயடியில் பேசாமலே நடந்த பதில். அதை வாயால், இத்தனை பேர் முன்னால், ஒரு குழந்தைக்குச் சொல்ல வேண்டும்.

மாமியால் முடியவில்லை. பேனாவை எடுத்து அவள் பெயரைப் பதிந்தார். புத்தகத்தைக் கொடுத்தார்.

அவள் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படி இறங்கினாள். நான் மேலே நின்று பார்த்தேன். அழுகை வரவில்லை. பசித்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை புத்தகம் திரும்பி வந்தது. அவளுக்குக் காய்ச்சல் வரவில்லை, ஒன்றும் ஆகவில்லை. ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தில் மட்டும் ஒரு காப்பிக் கறை. நம் தெருப் பிள்ளைகள் எல்லாரும் பிரித்தபோது விழாத கறை. மாமி துணியால் ஒற்றி எடுத்து அலமாரியில் வைத்தார். அன்றைக்கு என் பெயரையும் பதிந்து ஒரு புத்தகம் கொடுத்தார். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் கொடுத்தார். எங்கள் எல்லாருக்கும் கொடுத்தார். கை பார்ப்பதை அவர் நிறுத்தவில்லை. நான் காட்டுவதை நிறுத்தினேன். கழுவுவேன், துடைப்பேன், உள்ளே போவேன். அவர் கூப்பிடவில்லை.

மாமி கெட்டவர் இல்லை என்று எழுதுவீர்கள். எழுதுங்கள். யாராவது அவரை அப்படிச் செய்யச் சொல்லியிருக்கலாம். நாற்காலிக்குப் போன அந்த அம்மாக்கள் சொல்லியிருக்கலாம். ஆசையாகத்தான் அந்தப் புத்தகத்தைக் கொடுத்தார், அதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆசையாகக் கொடுத்தும் ஒருவரைத் தள்ளி வைக்கலாம். நான் ஒன்பது வயதில் பார்த்தேன்.

இன்னொன்று. புது அறை திறக்கிற அன்றைக்குத் தாராவிப் பிள்ளைகளுக்குப் பழைய புத்தகம் சேர்த்துக் கொடுக்கப் போகிறார்களாம். நம் குழுவிலும் ஆளுக்குக் கொஞ்சம் கொடுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். நான் தர மாட்டேன். யாரும் தராதீர்கள். அந்தப் பாலம் இன்னும் இருக்கிறது. நம் தெருவில் இன்னும் பிள்ளைகள் இருக்கிறார்கள். தமிழ் சரியாக வாசிக்க வராது, இந்திதான் பேசும், ஆனால் படம் பார்க்க யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். அதுகளுக்கு அங்கே கார்டு போட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். அந்தப் பஞ்சு மெத்தையில் அம்மாவோடு உட்காரட்டும். எடுத்துப் போகட்டும். திரும்பக் கேளுங்கள். திரும்பி வந்ததை உங்கள் பேத்திக்குக் கொடுங்கள். அப்போது நானும் கும்பிடும் கை போடுகிறேன்.

அந்தப் பருவத்தில் கடைசியாக ஒன்று நடந்தது. அதோடு முடிக்கிறேன்.

தீபாவளி ஆர்டர் வந்துவிட்டது. வீடு முழுக்கப் பட்டை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவால் என்னை விட முடியவில்லை. கையில் இருந்தது மாமி பதிந்து கொடுத்த புத்தகம், கப்பல்களைப் பற்றியது. அதை அடுத்த வாரம்தான் கொண்டுபோனேன். மழை நின்றிருந்தது. வாசகசாலையில் ஜன்னல் எல்லாம் திறந்திருந்தது. மேஜையைச் சுற்றிப் பிள்ளைகள். நான் புத்தகத்தை வைத்தேன். மாமி தேதியைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றினார்.

"போன வாரமே வந்திருக்க வேண்டாமா? உன் இஷ்டத்துக்கு வெச்சுண்டா எப்படி? இதுக்கு எத்தனை கொழந்தைகள் காத்துண்டிருக்கா, தெரியுமா உனக்கு?"

நிஜமாகவே கோபம். பக்கத்தில் ஒரு மாட்டுங்காப் பையன், நான் தொட்ட அந்தக் கப்பல் புத்தகத்துக்காகக் கையை நீட்டிக்கொண்டு நின்றான். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அன்றைக்கு எங்களோடு வந்திருந்த டீச்சர் பின்னாலிருந்து, தலையைக் குனிந்து நில் என்று முணுமுணுத்தார்.

நான் குனியவில்லை. மாமியின் முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டு நின்றேன். முழுவதும் திட்டி முடிக்கட்டும் என்று நின்றேன்.